மேலைச் சுவர், நான்கு மணி ஏழு நிமிடம்

நாற்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில், கணவனோடு வரும் சண்டையில் ஜெயித்தே ஆக வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் மிட்சுயோ ஒரு பழைய ஆல்பத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைப்பாள். அதற்குமேல் பேச்சே தேவைப்படாது. குனியாசு எழுந்துபோய்த் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

ஆல்பத்தில் இருபத்து நான்கு கறுப்பு வெள்ளைப் படங்கள். அவர்களுக்குச் சம்பந்தம் பேசிய நாளில், ஹிராசே கோட்டைப் பூங்காவில், குனியாசு எடுத்தவை. இரண்டு வீட்டாரும் தோட்டத்துத் தேநீர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தபிறகு, சம்பந்தத்துக்கு நடுவில் நின்ற தரகு அம்மாள் வழக்கப்படி, "சின்னஞ்சிறுசுங்க ரெண்டும் கொஞ்சம் நடந்துட்டு வரட்டுமே" என்றாள். இருவரும் எழுந்து நடந்தார்கள். அவர் கழுத்தில் கேமரா. அகழியைச் சுற்றி, இடிந்த வாசலைத் தாண்டி, மேலைச் சுவரின் ஓரமாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பேசியது ஒரே வாக்கியம்: "இங்க பாசி, வழுக்கும்." கேமரா மட்டும் இருபத்து நான்கு முறை பேசியது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆசையாக அந்த ஆல்பத்தைப் புரட்டினாள். முதல் படம், சுவர். இரண்டாவது, சுவர். கடைசிவரை சுவர். ஒன்றின் மூலையில் மட்டும் அவளுடைய கிமோனோவின் கைத்தொங்கல் ஒரு விரல்கடை தெரிந்தது. சில படங்களில் கறை படிந்தாற்போல் இருட்டு வேறு.

"ஒரு பொண்ணு பட்டு உடுத்தி, குடை பிடிச்சு, பக்கத்துலயே நடந்து வர்றா. இந்த மனுஷன் கல்லைப் படம் பிடிக்கிறார்!" என்று அவள் தங்கைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு சிரிப்புதான். ஆனால் சிரித்து முடித்தபின் வரும் அமைதியில் வேறொன்று இருந்தது. அவள் சம்மதத்தை மறுநாள் காலையே சொல்லியனுப்பிவிட்டாள். அவர் வீட்டிலிருந்து பதில் வர ஆறு நாளாயிற்று. "பையனோட அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றாள் அந்தத் தரகு அம்மாள். அம்மாவுக்கு. அந்த ஒரு சொல் மிட்சுயோவின் மனதில் செருப்புக்குள் புகுந்த மணல்போல் தங்கிவிட்டது. நடக்கத் தடையில்லை. ஆனால் இருப்பது தெரியும். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்த பிறகும் அது அங்கேயே இருந்தது. அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் அவர் யோசிப்பார். அவர் யோசிக்கிற நேரத்தைத் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கோடை மழை ஐந்து நாள் விடாமல் பெய்ததில் மேலைச் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதி, பிளம் மரத் தோப்புக்குப் பக்கத்துப் புல்வெளியில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேதான் திரும்பப் போக வேண்டும். வேறிடத்தில் வைத்தால் அது வேறு சுவர். நகராட்சிச் செய்திமடலில் வேண்டுகோள் வந்தது: பழைய குடும்பப் படங்களில் மேலைச் சுவர் பதிவாகியிருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து காட்டவும்.

மிட்சுயோ செய்திமடலை மடித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஏங்க, கேட்டீங்களா? உங்க படத்துக்கும் இந்த உலகத்துல ஒரு கிராக்கி வந்துருச்சு!"

குனியாசு மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம்" என்றார்.

"ஏன் வேண்டாம்? எல்லாரும் சுவர் முன்னாடி பொண்டாட்டி பிள்ளையை நிக்க வச்சு எடுத்திருப்பாங்க. மறைக்காம எடுத்த ஒரே ஆள் நீங்கதான். நகராட்சியே உங்களுக்கு மாலை போடும்."

அவர் காது சிவந்ததை அவள் கவனிக்கவில்லை. ஆல்பத்தைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

*

மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை. பூங்காவில் செர்ரி மொட்டுகள் இன்னும் வாய் திறக்கவில்லை. கற்களைக் கிடத்தியிருந்த புல்வெளியில் போட்டிருந்த தகரக் கொட்டகையில் ஹிகாகி என்ற இளம்பெண் கணினிமுன் உட்கார்ந்திருந்தாள். கல் கணக்கு முழுவதும் அவள் பொறுப்பு. பக்கத்தில் கல்கொத்தர்களின் மேஸ்திரி ஓட்சுபோ, கழுத்தில் துண்டோடு, டப்பாக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

ஹிகாகி இரண்டு பக்கம் புரட்டினாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

"மேஸ்திரி, இங்க வாங்க. ஆளே இல்ல! சுவர் மட்டும்! எல்லாமே சுவர்!"

"நான் சொல்லலை?" என்று மிட்சுயோ கணவனை முழங்கையால் இடித்தாள். குனியாசு வாசல் பக்கமாக நின்று, கொட்டகையை விட்டு ஓடத் தோதான இடத்தில், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

ஓட்சுபோ எட்டிப் பார்த்தார். "அண்ணே, நீங்க கல்வேலையா?"

"ரயில்வே. சிக்னல்."

"சிக்னல்காரருக்குச் சுவர்மேல ஏன் இவ்வளவு காதல்?"

குனியாசு தொப்பியைத் தலையில் வைத்து, மறுபடி எடுத்தார்.

ஹிகாகி நிலைமையைச் சொன்னாள். நானூற்றுப் பத்துக் கற்களுக்கு இடம் தெரிந்து, வைத்தும் ஆகிவிட்டது. இரண்டு கற்கள்தான் பாக்கி. எண்பத்தெட்டும் இருநூற்றுப் பதினேழும். சுவரிலும் இரண்டு பொந்துகள், ஒன்று நெஞ்சு உயரத்தில், ஒன்று அதற்கு மேலே தலை உயரத்தில். தொல்லை என்னவென்றால், இரண்டு கல்லும் இரண்டு பொந்திலும் பொருந்தின. எந்தக் குடும்பப் படத்தைப் பார்த்தாலும் சரியாக அந்த இடத்தில் யாராவது ஒரு மாமாவின் தலை இருந்தது.

"எங்க மாமா தலைகூட இருக்கு" என்றார் ஓட்சுபோ. "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், எங்க போனாலும் குறுக்க நிப்பாரு."

பதினோராவது படத்தில் ஹிகாகியின் விரல் நின்றது. படத்தின் மேல்விளிம்பில் ஒரு கல். அதில் பழைய கொத்தர்கள் செதுக்கிய அடையாளம், வட்டமும் குறுக்கே ஒரு கோடும். இருநூற்றுப் பதினேழில் இருக்கும் அதே அடையாளம். ஆனால் அந்தக் கல்லுக்குக் கீழேயும் பக்கத்திலும் இருந்ததையெல்லாம் ஒரு கறுப்பு விழுங்கியிருந்தது. தரையும் தெரியவில்லை, சுவரின் உச்சியும் தெரியவில்லை. கல் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று சொல்ல வழியில்லை.

"பெருசு பண்ணிப் பாக்கணும். படத்தைக் கழட்டலாங்களா அம்மா?"

"தாராளமா. கிழிஞ்சாலும் பரவால்ல."

ஹிகாகி மூலைக் காகிதங்களிலிருந்து படத்தை மெதுவாக உருவினாள். திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. படித்துவிட்டு மிட்சுயோவைப் பார்த்தாள். அடுத்த படத்தை உருவினாள். அதற்கடுத்ததை.

"அம்மா, உங்க பேரு என்ன?"

"மிட்சுயோ. ஏம்மா?"

ஹிகாகி படங்களைக் கவிழ்த்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். சிக்னல் பதிவேட்டில் எழுதுகிற ஒழுங்கான சின்ன எழுத்து.

மிட்சுயோ அவர்கள். ஷோவா 56, ஏப்ரல் 12. மாலை 3.51.

மிட்சுயோ அவர்கள். மாலை 3.58. சற்று வேகமாக நடக்கிறார்.

மிட்சுயோ அவர்கள். மாலை 4.07. சுவரிலிருந்து மூன்றடி. குடை நேராக.

தேதி, நாற்பத்து நான்கு வருடத்துக்கு முன் சம்பந்தம் பேசிய அதே நாள். இருபத்து நான்கிலும் அவள் பெயர். சுவர் என்ற தலைப்பு எங்கேயும் இல்லை.

மிட்சுயோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஹிகாகி பதினோராவது படத்தை, அந்த 4.07-ஐ, கணினித் திரையில் பெரிதாக்கினாள். கறை என்று இத்தனை வருடம் நினைத்திருந்த கறுப்பு விரிந்தது. வட்டமாக ஒரு குடை. குடைக்கடியில் கொண்டை. கழுத்து. லேசாகக் குனிந்த தோள். வெயிலில் கல்மேல் விழுந்த ஒரு பெண்ணின் நிழல், குடை நுனி அடையாளக் கல்லின் கீழ்விளிம்பைத் தொட்டுக்கொண்டு.

கொட்டகையில் யாரும் பேசவில்லை. வெளியே ஒரு காகம் தகரத்தின்மேல் நடந்தது. மிட்சுயோவுக்கு அமைதி பழக்கம்தான். அவரோடு வாழ்ந்து அவள் அதில் தேர்ந்தவள். சாப்பாட்டு மேஜை அமைதி, குளிர்கால அமைதி, தப்பு செய்துவிட்ட அமைதி எல்லாம் தெரியும். ஆனால் இது அவள் கேட்டறியாத அமைதி. இதன் உள்ளே அவள் இருந்தாள்.

"நிழலை எதுக்குங்க எடுத்தீங்க?" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

குனியாசு தொப்பியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். அவர் யோசிக்கிற நேரத்தை அவள் முதல்தடவையாகத் தாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ இன்னும் பதில் சொல்லலை" என்றார். "பதில் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் முகத்தைப் பிடிச்சு வச்சுக்கிறது... முறையில்ல."

"சம்பந்தத்துக்கு அனுப்பின என் ஸ்டுடியோ படம் உங்க வீட்ல இருந்துச்சே?"

"நீ வேண்டாம்னு சொல்லிட்டா அதைத் திருப்பிக் கொடுத்துடணும். சுவர்ப் படத்தை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

ஓட்சுபோ காப்பி டப்பாவை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்புறம் ஏன் ஆறு நாள்?" மிட்சுயோ விடவில்லை. "உங்க பதிலுக்கு ஏன் ஆறு நாள்?"

"ரெண்டு பக்கமும் பதில் வந்தாத்தான் தரகம்மா வெளியே சொல்லுவாங்க. நான் சொல்ற வரைக்கும் உன் பதில் எனக்கு வராது. உன் பதில் வராத வரைக்கும்..." நிறுத்தினார். "அந்த ஸ்டுடியோ படம் எங்கிட்ட இருக்கும்."

"ஆறு நாள்!"

"ஆறாம் நாள் அம்மா திட்டிருச்சு."

மிட்சுயோ வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று ஹிகாகி பதறி எழுந்தாள். அழவில்லை, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "நான் மறுநாளே சரின்னு சொல்லிட்டேன், முட்டாள் மனுஷா! மறுநாள் காலையிலயே! பல்லுகூடத் துலக்கலை!"

குனியாசு திகைத்து நின்றார். அதுவும் அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

*

அதன்பிறகு எல்லாம் ஓட்சுபோவின் யோசனை. அதே தேதி, அதே நிமிடம், அதே பெண், அதே குடை. சூரியன் எங்கேயும் போய்விடவில்லை. நிழல் நுனி எந்தப் பொந்தைத் தொடுகிறதோ, இருநூற்றுப் பதினேழு அங்கே போக வேண்டும்.

ஏப்ரல் பன்னிரண்டு சனிக்கிழமையாக இருந்தது. பூ உச்சம் தாண்டி உதிர ஆரம்பித்திருந்தது. அகழித் தண்ணீர் முழுக்க வெளிர் சிவப்பு. மரத்தடிகளில் நீல விரிப்புகள் போட்டு ஊரே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. மேலைச் சுவரில் இரண்டு பொந்துகளையும் மூடி வெள்ளைத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். பொந்துகளின் விளிம்பைத் துணிமேல் சாயக்கட்டியால் வரைந்திருந்தார் ஓட்சுபோ. ஏதோ கூத்து நடக்கப்போகிறது என்று எண்ணி, மூன்று நிற மாவுருண்டை கோத்த குச்சிகளோடு ஜனங்கள் கூடிவிட்டார்கள்.

மிட்சுயோ அன்று உடுத்திய அதே சாம்பல்நீலக் கிமோனோவில் வந்தாள். குடை எங்கே போயிற்றோ என்று அவள் ஒரு வாரம் தேடியது வீண். அது குனியாசுவின் கருவி அலமாரியில், கம்பி மாற்றி, துருவெடுத்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இருந்தது. எத்தனை வருடமாக என்று அவள் கேட்கவில்லை. இனிமேல் கேட்க நிறைய நேரம் இருந்தது.

"அம்மா, உங்க உயரம் அப்போ எவ்வளவு?" என்றாள் ஹிகாகி.

"நூத்தி ஐம்பத்தஞ்சு. இப்பவும் அதேதான்."

"நூத்தி ஐம்பத்திரண்டு" என்றார் குனியாசு. "போன மாச உடல் பரிசோதனைச் சீட்டுல."

கூட்டம் சிரித்தது. "காட்டிக்கொடுத்துட்டாரே!" என்று விரிப்பிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

"வாயத் திறக்காத மனுஷன், திறந்தா இதுக்குத்தான் திறப்பார்!" என்றாள் மிட்சுயோ.

ஓட்சுபோ மூன்று சென்டிமீட்டர்ப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். குனியாசு அதைப் பார்த்துத் தலையசைத்தார். "பத்தாது. அன்னிக்கு வெள்ளைச் செருப்பு. அடி அஞ்சு சென்டி. இன்னிக்குப் போட்டிருக்கிறது நாலுதான்."

"அண்ணே, நிஜமாவே ஞாபகமா, இல்ல கதை விடுறீங்களா?"

குனியாசு பையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கனத்தில் இழைத்த சின்னப் பலகையை எடுத்துப் பெரிய பலகைமேல் வைத்தார். வீட்டிலேயே செய்துகொண்டு வந்திருந்தார்.

மூன்றடி அளந்து குறி போட்டார்கள். மிட்சுயோ பலகைமேல் ஏறிக் குடையை விரித்தாள். துணிமேல் அவள் நிழல் எழுந்தது. குழந்தைகள் "ஓ" என்றார்கள். நிழலுக்கு நரை தெரியவில்லை, கன்னச் சுருக்கம் தெரியவில்லை. துணிமேல் நின்றது இருபத்தைந்து வயதுப் பெண்.

மணி நான்கு ஐந்து. குனியாசு ரயில்வே பைக்கடிகாரத்தை எடுத்தார். அப்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. முப்பத்தெட்டு வருடம் தண்டவாளத்தோரம் நின்று சிக்னல் சரிபார்த்த முறை உடம்பிலேயே ஊறியிருந்தது. கையை முழுதாக நீட்டி, சுட்டுவிரலால் ஒவ்வொன்றையும் காட்டி, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற குரலில் கூவினார்:

"தூரம், மூன்றடி! சரி!"

விரிப்புகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"செருப்பு! சரி! குடை, நேர்! சரி!"

மிட்சுயோ திரும்பிப் பார்த்தாள். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கண்ணால் கேட்கிற மனிதர். விரல் அவளுக்கு நேராக வந்து நின்றது.

"மிட்சுயோ!" என்றார். கொஞ்சம் தாமதித்து, இன்னும் உரக்க: "சரி!"

"சரி!" என்று கூட்டமே விரல் நீட்டிக் கத்தியது. யாரோ கைதட்டினார்கள். மிட்சுயோ பிடித்திருந்த குடை ஆடியது.

"அம்மணி, ஆடாதீங்க! நானூறு வருஷச் சுவரு உங்க கைலதான் இருக்கு!" என்றார் ஓட்சுபோ.

"அவரை முதல்ல வாயை மூடச் சொல்லுங்க!"

"நான்கு, ஏழு!" என்று கூவினார் குனியாசு.

ஹிகாகி துணியில் புள்ளி வைத்தாள். குடையின் நுனி, மேல்பொந்தின் கீழ்விளிம்பை, ஒரு விரல்கூடப் பிசகாமல், தொட்டுக்கொண்டிருந்தது.

"மேலே!" என்றாள் ஹிகாகி. குதித்தாள். "இருநூத்திப் பதினேழு மேலே!"

மரத்தடிகளிலிருந்து ஆரவாரம் எழுந்தது. எதற்கென்று தெரியாதவர்களும் கத்தினார்கள். யாரோ மிட்சுயோவின் கையில் சாதத்தால் பிடித்த உருண்டையைத் திணித்தார்கள். உள்ளே ஊறிய பிளம் புளித்தது. நின்ற இடத்திலேயே, பட்டோடும் குடையோடும், அதை முழுதாகத் தின்றாள்.

"ஐயா, ஒரு உதவி" என்று ஹிகாகி குனியாசுவிடம் வந்தாள். "ஆவணத்துக்கு நாங்க எடுத்துட்டோம். ஆனா கண்காட்சியில உங்க பழைய படத்துக்குப் பக்கத்துல வைக்க, அதே கேமராவுல, அதே இடத்திலேர்ந்து, சுவரை ஒரே ஒரு படம் எடுத்துக் கொடுக்கணும்."

கேமரா கழுத்தில்தான் தொங்கியது. குனியாசு அதைக் கண்ணுக்கு உயர்த்தினார். நெடுநேரம் அப்படியே நின்றார். பூ உதிர்ந்துகொண்டிருந்தது. மிட்சுயோ துணிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் நிழல் நன்றாக விழும்படி, பழக்கமாக ஒதுங்கி நின்றாள்.

"இந்தப் பக்கம்" என்றார் அவர்.

அவள் திரும்பினாள். கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

கிளிக்.

*

பத்து நாள் கழித்துப் படத்தைக் கழுவி வாங்கிக்கொண்டு இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். புல்வெளியில் இப்போது கற்கள் இல்லை. எண்பத்தெட்டும் இருநூற்றுப் பதினேழும் சுவரில் ஏறிவிட்டன. கிடந்த இடங்களில் மட்டும் புல் வெளுத்திருந்தது.

ஹிகாகி உறையைப் பிரித்தாள். முகம் மாறியது. படத்தை ஒருதரம் தூரமாகவும் ஒருதரம் பக்கமாகவும் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயா... சுவர் எங்கே?"

படம் முழுக்க மிட்சுயோ. நெற்றி முதல் மோவாய் வரை, விளிம்புக்கு விளிம்பு, ஒரு கண் பாதி மூடி, கன்னத்தில் சோற்றுப் பருக்கையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. சுவரில் ஒரு கல், கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஐயோ, என்ன இது! மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு எனக்கு?" என்று மிட்சுயோ பிடுங்கினாள். "இதையா கண்காட்சியில வைப்பாங்க? ஊரே பாக்குமே! சுவரை எடுக்கச் சொன்னா என்னங்க எடுத்து வச்சிருக்கீங்க?"

குனியாசு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. இந்தமுறை அவள் கவனித்தாள்.

படத்தைத் திருப்பினாள். பென்சிலில், சின்ன எழுத்தில், ஒழுங்காக எழுதியிருந்தது:

மேலைச் சுவர். ஏப்ரல் 12. மாலை 4.11.